ரோலில் கடைசிப் படம்

இன்பராஜும் அவர் மகள் ஞானஜோதியும் சேர்ந்து செய்த கடைசி வேலை, முன்னறை மின்விசிறிக்குக் கண்டென்சர் மாற்றியது. மகள் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். ஸ்டூல் மேல் அவள் நின்றாள். கீழே நின்றவர் ஒரு கையால் ஸ்டூலைப் பிடித்திருந்தார்; மறு கையில், கழற்றிய இரண்டு திருகுகளையும் மூடி வைத்திருந்தார்.

“மெயின அணைச்சிட்டியாம்மா?”

“அணைச்சிட்டேன்பா.”

இதை மூன்று முறை கேட்டார். நான்காவது முறை கேட்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. விசிறி சுற்றியது. சுவரில் காலண்டர் படபடத்தது. அதைப் பார்த்தவர், “ஞாயித்துக்கிழமை நாரணாபுரம் வரைக்கும் போயிட்டு வருவமா? ஒரு கவர் குடுக்க வேண்டியிருக்கு” என்றார்.

அடுக்களையிலிருந்து அவர் மனைவி தேவமணி குரல் கொடுத்தார்: “முப்பத்தாறு வருசமா அந்தக் கவரு நாளைக்குத்தான் போகுது.”

அவர் சிரித்தார். போவோம் என்றாள் மகள்.

அது திங்கட்கிழமை. வியாழக்கிழமை காலை நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நாரணாபுரத்துக்கு யாரும் போகவில்லை.

அந்தக் கவரின் கதை 1959இல் தொடங்குகிறது.

அந்த ஆண்டு ஆவணியில் இன்பராஜுக்கும் தேவமணிக்கும் கல்யாணம். ஐப்பசியில் தீபாவளி. இடைப்பட்ட நாட்கள் முழுவதும் சிவகாசிக்குச் சீசன். அதனால் இன்பராஜுக்கும் சீசன். மதுரையிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்கு அவன்தான் விருதுநகர் வட்டாரப் பகுதிநேர நிருபர். மிளகாய் வத்தல் விலை, மல்லி விலை, எண்ணெய் ஆலை வேலைநிறுத்தம் எல்லாம் மற்ற மாதங்களுக்கு. ஐப்பசி நெருங்கினால் சிவகாசி ஒன்றுதான் செய்தி. எத்தனை லாரி லோடு போனது, கல்கத்தா ஆர்டருக்கு வேகன் கிடைத்ததா, மழை பிடித்துக்கொண்டதில் காயப்போட்ட சரக்கு என்ன ஆனது என்று விசாரித்து, தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, ‘செய்தி – அவசரம்’ என்று மேலே எழுதி மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும். மதுரை பஸ் நிலையத்தில் பத்திரிகை ஆள் வந்து வாங்கிக்கொள்வான். மறுநாள் அந்தச் செய்தி ‘நமது நிருபர்’ என்ற இரண்டு சொற்களின் கீழ் வெளிவரும்.

தேவமணி மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். காலையில் பேப்பர் வந்ததும் கணவன் எழுதியது எங்கே என்று தேடி எடுத்து, அவனுக்கே சத்தமாக வாசித்துக் காட்டுவாள். முந்தின நாள் அவனே எழுதியதுதான். ஆனாலும் புதுச்செய்தி கேட்பவன்போல வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

அவள் அப்பா யோபு, சாத்தூரில் தலைமையாசிரியர். அவரும் அதே பேப்பர்தான் வாசித்தார். கையில் சிவப்புப் பென்சிலோடு வாசித்தார். தப்பு கண்ட இடத்தில் கோடு போடுவார். கல்யாணம் முடிந்து முதல் முறை விருந்துக்குப் போனபோது, சாப்பாடு ஆனதும் அன்றைய பேப்பரை மருமகன் முன்னால் விரித்தார்.

“தினமும் எழுதுறேங்கிறீக மாப்ள. பேரு எங்கன இருக்கு?”

“இந்தா மாமா, ‘நமது நிருபர்’. அது நான்தான்.”

“சரி, நீங்க. தென்காசிச் செய்தியிலயும் ‘நமது நிருபர்’னு போட்டுருக்கே, அதுவும் நீங்களா?”

“அது வேற ஆளு மாமா.”

“அப்ப எனக்கு எப்படித் தெரியும்?”

வாத்தியார் மெல்ல விஷயத்துக்கு வந்தார். அவர் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்கு இடம் காலியாகிறது. நிரந்தர வேலை. அவர் சொன்னால் கிடைக்கும். தீபாவளி லீவு முடிந்த திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்ளலாம். பேரில்லாத வேலைக்கு ஊர் ஊராகப் பஸ் ஏறி அலைய வேண்டியதில்லை.

தேவமணி இலையை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “தீபாவளிக்குள்ள இவுக பேரு பேப்பர்ல வந்துரும்பா. வரலைன்னா கிளார்க்கு வேலைக்கு நானே கூட்டிட்டு வந்து சேக்கேன்.”

திரும்பி வரும் பஸ்ஸில் இன்பராஜ் கேட்டான்: “எந்தத் தைரியத்துல அப்படிச் சொன்ன?”

“நீங்க எழுதுறத தினமும் நாந்தானே வாசிக்கேன்.”

கிளார்க்கு வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பத்து மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வரலாம். ஆனால் தேவமணி தினமும் காலையில் எதை வாசித்துக் காட்டுவாள்?

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது பத்திரிகையின் செய்தியாசிரியரிடமிருந்து கார்டு வந்தது. ‘பட்டாசு செய்கிற ஊரில் தலைதீபாவளி எப்படி? புதுமணத் தம்பதி ஒன்றைப் பிடித்து எழுதவும். படம் கட்டாயம். சனி மாலை பஸ்ஸுக்குள் வேண்டும். தேறினால் தங்கள் பெயருடன் வெளியிடுவோம்.’

பெயருடன் என்ற சொல்லை தேவமணி இரண்டு முறை வாசித்தாள்.

தம்பதியைப் பிடிப்பது சிரமமில்லை. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் அய்யாதுரை, மாடத்தி என்று ஆவணியில் கல்யாணமான ஜோடி ஒன்று வேலை செய்வதாகப் போர்மேன் சொல்லியிருந்தார். படம்தான் சிக்கல். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த நண்பர் யாகூப் தன் பாக்ஸ் கேமராவைக் கொடுத்தார். பன்னிரண்டு படம் எடுக்கிற ரோல். பத்து முடிந்திருந்தது, பத்தும் அவர் தங்கை பைரோஜாவின் குழந்தை.

“பாக்கி ரெண்டு இருக்கு. ரோலை அப்படியே மதுரைக்கு அனுப்பிருங்க. எம் மருமகப்பிள்ளையையும் சேத்துக் கழுவிரட்டும்” என்றார்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. தேவமணி புறப்பட்டு நின்றாள்.

“நீ எங்க?”

“சீசன் முடியிறதுக்குள்ள உங்க மூஞ்சியப் பாக்கணும்னா நானும் நாரணாபுரம் வந்தாத்தான் உண்டு.”

சிவகாசி வரை பஸ். அங்கே வாடகை சைக்கிள் எடுத்தார்கள். தேவமணி கேரியரில் உட்கார்ந்தாள். மேட்டில் அவன் மூச்சு வாங்கியபோது, இறங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான். காற்றில் பதில் காதில் விழாமல் மறுபடி கேட்டாள். அவன் மறுபடி வேண்டாம் என்றான்.

கம்பெனிக்குள் கேமராவைக் கொண்டுபோக முடியாது. இரும்பு உரசிப் பொறி கிளம்பும் என்று வாட்ச்மேன் அவனுடைய சாவிக்கொத்தைக்கூட உள்ளே விடவில்லை. இருவரும் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். நாலரைக்குச் சங்கு ஊதிய பிறகு அய்யாதுரையும் மாடத்தியும் வந்தார்கள். இருவருக்கும் கம்பி மத்தாப்புப் பகுதியில் வேலை. அவன் கம்பிகளை மருந்தில் முக்கி எடுப்பான். அவள் வாங்கி வெயிலில் காய வைப்பாள். மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடி முழங்கைவரை ஏறி, வேர்வையைத் துடைத்த இடமெல்லாம் முகத்திலும் ஒட்டி, இரண்டு பேரும் வெள்ளிச் சிலைபோல இருந்தார்கள்.

இன்பராஜ் நோட்டைத் திறந்தான். “தலைதீபாவளிக்கு என்ன செய்யப்போறீக?”

“தூங்குவோம் சார்” என்றான் அய்யாதுரை.

“பொய் சொல்லுதாக சார்” என்றாள் மாடத்தி. “எங்க அய்யா வீட்டுல கூப்பிட்டுருக்காக. கறி எடுப்பாக. இவுகளுக்கு வேட்டி எடுத்தாச்சு.”

“வெடி?”

“அது மட்டும் வேண்டாம்னு சொல்லி அனுப்பிச்சேன். அங்கயும் போயி இதையே கட்டி அழுவாகளா?”

அய்யாதுரை சொன்னான்: “ஒண்ணு மட்டும் ஆசை இருக்கு சார். எம்புட்டுக் கம்பி முக்கியிருப்பேன்னு கணக்கே கிடையாது. ஒரு மத்தாப்பு முழுசா எரிஞ்சு நான் பாத்ததில்ல. போர்மேன் கொளுத்திப் பாப்பாரு. நமக்கு அந்நேரம் கை வேலையில இருக்கும். இந்த வருசம் ஒண்ணே ஒண்ணு, கொளுத்தி, அணையிற வரைக்கும் பாத்துரணும்.”

கட்டுரை கிடைத்துவிட்டது. இன்பராஜ் கேரியரையே மேஜையாக்கி, நின்றபடி நாலு பக்கம் எழுதினான். தேவமணி ஒவ்வொரு பக்கமாக வாங்கி வாசித்தாள். அதற்குள் வெயில் சாயத் தொடங்கியது. ஐந்தரைக்குப் பஸ்.

படம் என்றதும் மாடத்தி பின்வாங்கினாள். “மூஞ்சியக் கழுவிட்டு வாரேன் சார்.”

“நேரமில்லம்மா. இப்படியே நில்லு.”

“எம்புட்டுப் பேரு பாப்பாக. இந்த வெள்ளி மூஞ்சியோட நிக்கச் சொல்லுதீக.”

கிணறு தூரத்தில் இருந்தது. வெயில் நிற்காது. இன்பராஜ் என்ன செய்வதென்று தெரியாமல் மனைவியைப் பார்த்தான். தேவமணி மாடத்தியிடம் போய்க் கன்னத்தைக் காட்டினாள்.

“எனக்கும் பூசி விடு. அப்புறம் ஒனக்கு என்ன கூச்சம்?”

“வேண்டாம் டீச்சரக்கா, லேசுல போகாது.”

“போகாட்டி இருந்துட்டுப் போகுது.”

மாடத்தி சிரித்துவிட்டாள். உள்ளங்கையை டீச்சரின் இரண்டு கன்னத்திலும் வைத்து எடுத்தாள். பிறகு போய்ப் புருஷன் பக்கத்தில் நேராக நின்றாள். இன்பராஜ் படத்தை எடுத்தான். பதினொன்றாவது படம்.

எதையும் உடனே எழுதிவிடுவது அவன் பழக்கம். இனி எடுக்க ஒன்றுமில்லை என்று, அந்த இடத்திலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதினான்: ‘ரோலில் கடைசிப் படம். இடமிருந்து: அய்யாதுரை, மாடத்தி.’ அதைக் கட்டுரையோடு கவரில் வைத்து ஒட்டினான்.

“ரோலு முடிஞ்சிருச்சா சார்?” என்று அய்யாதுரை கேட்டான்.

“இன்னும் ஒண்ணு இருக்கு.”

“அப்ப நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க சார்” என்றாள் மாடத்தி. “நீங்களும் புதுசா கட்டுனவுகதான?”

இன்பராஜ் தயங்கினான். அய்யாதுரை கேமராவைக் கையில் வாங்கிவிட்டான். வாங்குவதற்கு முன்னால், தன் கையிலிருந்த வெள்ளியை நிருபரின் நெற்றியிலும் கன்னத்திலும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டிருந்தான். “அப்பத்தான் சார் சோடி சேரும்.”

தேவமணி சிரித்த சிரிப்பில் அவனும் சிரித்தான். அய்யாதுரை விசையை அமுக்கினான். பன்னிரண்டாவது படம்.

சைக்கிளில் ஏறும்போது மாடத்தி ஓடி வந்தாள். “எங்களுக்குப் பேப்பரு வாசிக்கத் தெரியாது சார். எங்க படம் ஒண்ணைக் கையில குடுத்துருங்க.”

“நானே கொண்டுவந்து தாரேன்” என்றான் இன்பராஜ்.

சிவகாசி பஜார் வழியே வேகமாக மிதித்துப் போனார்கள். பஜாரில் ஒருவரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் கண்ணுச்சாமி மட்டும் கவரையும் ரோலையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே, “நீங்களும் கம்பெனியில சேந்துட்டீகளா சார்?” என்றார். அவர் என்ன கேட்கிறார் என்றே இன்பராஜுக்குப் புரியவில்லை. அதே பஸ்ஸில் விருதுநகரில் வந்து இறங்கியபோதுதான் புரிந்தது. பஸ் நிலையமே அவர்களைப் பார்த்தது. டீக்கடையில் கிளாஸ் வாய்க்குப் போகாமல் நின்றது. அவர்கள் சர்ச் சபையின் செயலாளர் எதிரே வந்து, தோத்திரம் சொல்லக் கையைத் தூக்கி, பாதியில் நிறுத்தினார்.

“என்னங்க அப்படிப் பாக்காக?” என்றாள் தேவமணி.

“ஒன்னையத்தான்.”

“உங்க மூஞ்சியில மட்டும் என்ன சந்தனமா பூசியிருக்கு?”

வீடு போய்ச் சேரும்வரை சிரித்தார்கள். நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனபோதும் தேவமணியின் காதோரம் மின்னியது.

அடுத்த ஒரு வாரம் இன்பராஜ் தினமும் விடிகாலையில் பஸ் நிலையத்துக்குப் போய்ப் பேப்பர் கட்டு இறங்குவதற்காகக் காத்திருந்தான். ஞாயிறு இல்லை, திங்கள் இல்லை, வியாழன் வரை இல்லை. வெள்ளிக்கிழமை தேவமணி ஒன்றும் கேட்காமல் காபியை வைத்துவிட்டுப் போனாள். சனிக்கிழமை தீபாவளி. ஊரெல்லாம் வெடிச் சத்தத்துக்கு நடுவில் கட்டைப் பிரித்தார்கள். நான்காம் பக்கம் முழுக்க அவன் கட்டுரை. தலைப்புக்குக் கீழே, நல்ல பெரிய எழுத்தில்: வி. இன்பராஜ்.

பெயரை மூன்று முறை வாசித்தான். பிறகுதான் படத்தைப் பார்த்தான்.

வேப்பமரம். முகமெல்லாம் வெள்ளி அப்பிய ஒரு ஜோடி, கண் சுருங்கச் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே: ‘தலைதீபாவளி கொண்டாடும் பட்டாசுத் தொழிலாளர் தம்பதி அய்யாதுரை, மாடத்தி.’ மதுரைக்காரர்கள் மேல் தப்பில்லை. ரோலில் கடைசிப் படம் அதுதான்.

வீட்டில் தேவமணி அதைச் சத்தமாக வாசித்தாள். வாசித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “இனிமே ஏளா மாடத்தின்னு கூப்பிடுங்க, ஓடி வாரேன்.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. “பேரு வந்துருச்சு. இதுதான் கடைசியா வர்ற பேரு. பொய்ப் படம் போட்டவன்னு நிறுத்திருவாக. ஒங்கப்பாவும் பேப்பரைப் பாத்துருப்பாரு.”

பார்த்திருந்தார். பத்து மணிக்கு யோபு வாத்தியார் சாத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு கையில் பை, மறு கையில் பேப்பர். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பேப்பரை விரித்தார். படத்தின் மேல் மூலைக்கு மூலை சிவப்புப் பென்சிலில் பெருக்கல் குறி.

“‘வி. இன்பராஜ்’. இது நீங்க. ஒத்துக்கிடுதேன். இந்தப் படத்துல நிக்குறது யாரு?”

“அதுவும் நான்தான் மாமா.”

“கீழ அய்யாதுரைன்னு போட்டுருக்கு.”

“தப்பா வந்துருச்சு மாமா.”

“அப்ப எம் மக?”

“மாடத்தி” என்றாள் தேவமணி.

வாத்தியார் மகளைப் பார்த்தார். அவள் காதோரத்தைப் பார்த்தார். “காலையில இருந்து நாலு பேரு வந்து கேட்டாச்சு. ஒங்க மகளுக்குத் தலைதீபாவளியாமே சார், பேப்பர்ல போட்டுருக்கான், நீங்க ஏன் இங்கன இருக்கீகன்னு. நம்ம வேதத்துல தீபாவளி ஏதுன்னு எத்தனை பேருக்குச் சொல்ல? பத்திரிகையில வந்தது பொய்யாப் போகக் கூடாது. வி. இன்பராஜ்னு பேரும் போட்டாச்சு.”

பையைத் திறந்தார். கிறிஸ்துமஸுக்கென்று எடுத்து வைத்திருந்த வேட்டி, சட்டைத்துணி, மகளுக்குச் சேலை. ஒரு பொட்டலம் காராச்சேவு. அடியில், கூச்சத்தோடு சுருட்டி வைத்தாற்போல் ஒரு பெட்டி கம்பி மத்தாப்பு.

“கிறிஸ்துமஸுக்குப் புதுசு கிடையாது. இப்பவே சொல்லிட்டேன்.”

இன்பராஜ் வேட்டியை வாங்கிக்கொண்டு நின்றான். கேட்கத் தயக்கமாக இருந்தது. கேட்டான். “மாமா, அந்தக் கிளார்க்கு வேலை?”

“ஒரு இடத்துல நேரத்துக்கு உக்காந்து எழுதத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் அது சரிப்படும். வேற ஆளு பாத்துக்கிடுதேன்.”

பேப்பரை மடிக்கும்போது தேவமணி அதைக் கண்டாள். படத்துக்கு மட்டும்தான் பெருக்கல் குறி. கட்டுரைக்குள், அய்யாதுரை சொன்ன அந்த வரிக்குப் பக்கத்தில், பள்ளிக்கூட நோட்டில் போடுவதைப்போல ஒரு சரிக்குறி இருந்தது. ஆகவே பட்டப்பகலில் வாசலில் இறங்கி மூவரும் ஒரு மத்தாப்பைக் கொளுத்தினார்கள். வாத்தியார் கையை எட்ட நீட்டிப் பிடித்துக்கொண்டார். வெயிலில் பொறி சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் அணைகிறவரை ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை.

இன்பராஜ் நடந்ததை மதுரைக்கு எழுதினான்; ஒரு திருத்தமும் எழுதி அனுப்பினான். பதில் கார்டு வந்தது: ‘வாசகர் யாரும் கேட்கவில்லை. திருத்தம் தேவையில்லை. படம் பிரமாதம். பொங்கலுக்கும் ஒன்று எழுதவும்.’ அதற்குப் பிறகு முப்பது வருஷம் அவர் நிருபராகவே இருந்தார். பஸ் கிளம்பும்வரை எந்தக் கவரையும் ஒட்டாத நிருபர் என்று கண்டக்டர்களிடம் பெயர் வாங்கினார்.

ரோல் திரும்பி வர மார்கழி ஆகிவிட்டது. யாகூப் பதினொன்றாவது படத்தைப் பெரிதாக்கித் தந்தார். இன்பராஜ் அதை எடுத்துக்கொண்டு நாரணாபுரம் போனான். வீட்டில் ஆள் இல்லை, வேலைக்குப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய், திறந்திருந்த கதவு வழியே சுவரைக் கை காட்டினாள். “அய்யாதுரையும் மாடத்தியுமா? அந்தா இருக்காகள்ல, பேப்பர்ல வந்தவுக.” பெயர் வந்திருக்கிறது என்று யாரோ வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகவே வெட்டிப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தச் சுவரிலிருந்து அவன் முகமே அவனைப் பார்த்துச் சிரித்தது. படத்தை அந்த அம்மாவிடமே கொடுத்திருக்கலாம். கையில் தருகிறேன் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவர்கள் இருக்கும்போது வந்து, நடந்ததைச் சொல்லிக் கொடுப்போம் என்று திரும்பினான். அடுத்த வாரம் வேறு செய்தி. அதற்கடுத்த வாரம் வேறு.

அப்பா போன பிறகு ஒரு நாள் ஞானஜோதி அவர் பீரோவைத் திறந்தாள். மேல்தட்டில் சிவப்புப் பென்சில் குறிகளோடு அந்தப் பழைய பேப்பர் இருந்தது. அதனடியில் கவர். உள்ளே வேப்பமரத்தடியில் மாடத்தி நேராக நின்றாள். உள்ளங்கையில் மட்டும் வெள்ளி கலைந்திருந்தது. படத்தோடு ஒரு துண்டுத் தாள், அவர் கையெழுத்தில்: ‘திருத்தம். தீபாவளியன்று வெளியான படத்தில் இருப்பவர்கள் அய்யாதுரை, மாடத்தி அல்லர். அவர்கள் இவர்கள்.’

கவரின் மேல் ‘அய்யாதுரை – மாடத்தி, நாரணாபுரம். நேரில்’ என்று எழுதியிருந்தது. வாய் ஒட்டப்படாமலே இருந்தது.